கேள்வி கேட்காத சி.டி.

சாகப் போகிறவன் செருப்பைக் கரையில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவான் என்று இன்ஸ்பெக்டர் நல்லகாமனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. கண்மாய்க் கரையில் செருப்பு இருந்தது. செருப்புக்குப் பக்கத்தில் தோள்பை இருந்தது. தண்ணீரில் ஸ்ரீநாத் மிதந்தான். மூன்றையும் கூட்டிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். தற்கொலை என்று விடை வந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கை வருவதற்கு முன்பே அறிவு வந்துவிட்டதால், பேனாவை மூடி வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போய்விட்டார்.

அதெல்லாம் போன வாரம். இன்று வில்லாபுரத்தில், தறிச் சத்தம் கேட்கும் அந்தச் சந்து வீட்டுக்குள் நுழைந்தபோது சோணைக்கு வாயில் வழக்கமாக ஊறும் கிண்டல் ஊறவில்லை. சோணை முன்னாள் ஆட்டோக்காரன். இந்நாளில் கோரிப்பாளையம் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் 'அகிலாண்டம் துப்பறியும் நிலைய'த்தின் ஒரே உதவியாளன். அகிலாண்டம் கோர்ட்டில் பல வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். பொய் சாட்சி சொல்பவர்களின் வாக்குமூலத்தை அடித்து அடித்து விரல் தேய்ந்து, இனி உண்மையைத் தேடினால்தான் என்ன என்று வேலையை விட்டவள்.

ஸ்ரீநாத்தின் அம்மா சாரதாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் காவ்யஸ்ரீயிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, இவர்களிடம் தமிழுக்கு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில சண்டை. ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர், சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது. 'அந்த டப்பாவையே கட்டிக்கிட்டு எங்கயாவது போய்த் தொலைடா'ன்னு சொல்லிப்புட்டேன். போய்ட்டான்."

"நாங்க என்னம்மா செய்யணும்?" என்றாள் அகிலாண்டம்.

"கொன்னவன் யாருன்னெல்லாம் கேக்கலம்மா. என் வார்த்தைதான் அவனைக் கொன்னுச்சான்னு மட்டும் சொல்லுங்க. ஆமான்னா ஆமான்னே சொல்லுங்க."

சோணை கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றும் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த தோள்பை அரக்கு முத்திரையோடு அப்படியே இருந்தது. அதைத் தொட வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அகிலாண்டம் எல்லோர் முன்னிலையிலும் முத்திரையை உடைத்தாள். ஒரு ஸ்க்ரூ டிரைவர். டிபன் பாக்ஸ். பக்திப் பாடல் சி.டி. ஒன்று, அட்டையில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அகிலாண்டம் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"கழுவியிருக்கு."

"எங்க சாப்பிட்டாலும் அங்கயே கழுவித்தான் கொண்டாருவான்" என்றாள் சாரதாம்பாள்.

"சோணை, கண்மாயில விழப்போறவன் அதுக்கு முன்னால டிபன் பாக்ஸைக் கழுவுவானா?"

"கண்மாய்த் தண்ணியில கழுவினா பாசி வாடையில்ல அடிக்கும்? இது பாத்திரம் தேய்க்கிற சபீனா பவுடர் வாடை அடிக்குதுக்கா." சோணைக்கு மெதுவாக உயிர் வந்தது. "நல்லகாமன் சார் மூக்குக்கு இட்லி வாடை மட்டும்தான் ஏறும்போல."

காவ்யஸ்ரீ முருகன் அட்டையைத் திறந்தாள். உள்ளே பாட்டு இல்லை. மேலே எதுவும் எழுதாத வெள்ளை சி.டி. ஒன்று இருந்தது.

"இது அண்ணன் செஞ்சது. எப்பவும் பாட்டு அட்டைக்குள்ளதான் ஒளிச்சு வைப்பான். கம்ப்யூட்டர்ல விண்டோஸ் போடணும்னா சாதாரணமா பக்கத்துலயே உக்காந்திருக்கணும். பேர் என்ன, ஊர் என்ன, மணி என்னன்னு அது நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேக்கும். இந்த சி.டி.யைப் போட்டுட்டு நம்ம பாட்டுக்குப் போயிரலாம். எல்லாத்துக்கும் பதிலை முன்னாடியே எழுதி உள்ள வெச்சிருக்கான்."

"எங்க வீட்டுக்காரி வாசல்ல கேக்குறதுக்கும் இப்படி ஒண்ணு செஞ்சு தந்தா நல்லாருக்கும்" என்றான் சோணை.

காவ்யஸ்ரீ முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். "பதில் எழுதுறது லேசுங்கண்ணே. டிரைவர்தான் கஷ்டம். சவுண்டு கார்டு, நெட் கார்டு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டிரைவர் வேணும். பாகன் மாதிரி. பாகன் இல்லாட்டி யானை சும்மா நிக்கும். எந்த மிஷினுக்குள்ள எந்த யானை நிக்குமோ யாருக்குத் தெரியும்? அதனால ஊர்ல இருக்குற அம்புட்டு யானைக்கும் பாகனைப் பிடிச்சு இதுக்குள்ள அடுக்கி வெச்சிருக்கான். நம்பர் போட்ட ஃபோல்டர். எந்த கார்டை முதல்ல பார்த்தானோ அது ஒண்ணு. அப்புறம் பார்த்தது ரெண்டு."

"பார்க்காத கார்டுக்கு?"

"சேர்க்கவே மாட்டான். ஒரு தடவை யாரோ கொடுத்த டிரைவரை நம்பிப் போட்டு ஒரு லேப் மொத்தமும் படுத்திருச்சு. அதுலருந்து கார்டைக் கழட்டிக் கையில வெச்சு, அதுல டிரைவரைப் போட்டு ஓடுதான்னு பார்த்த பெறகுதான் சி.டி.யில சேர்ப்பான். பைத்தியம்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

மூவரும் சி.டி.யோடு நிலையத்துக்கு வந்தார்கள். அங்கிருந்த கம்ப்யூட்டர் சோணை வாங்கியது. துப்பறிவதற்காக என்று பில் போட்டு, கிரிக்கெட் பார்ப்பதற்காக டி.வி. கார்டு சொருகப்பட்டது. காவ்யஸ்ரீ சி.டி.யைப் போட்டாள். மூவரும் கீழே போய் டீ குடித்துவிட்டு, ஜங்ஷனில் ஒரு மினி பஸ்ஸும் மாட்டு வண்டியும் வழி விடாமல் மல்லுக்கட்டியதை முழுதாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். விண்டோஸ் தானாகவே ஏறி முடிந்திருந்தது. திரையின் நடுவில் மட்டும் ஒரு சின்னப் பெட்டி. புதிதாக ஓர் உறுப்பு தென்படுகிறது, இது என்னவென்று சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் காத்துக்கொண்டிருந்தது.

"உங்க டி.வி. கார்டுங்கண்ணே. அண்ணன் அதைப் பார்த்ததில்ல. தெரியாத ஆள்னா இப்படிக் கேட்டுரும்."

"விவரமான சி.டி. அறிமுகம் இல்லாதவனை உள்ள விடல."

காவ்யஸ்ரீ திரையில் வேறொரு ஜன்னலைத் திறந்தாள். அதில் எதையோ வாசித்தாள். உடனே மூடிவிட்டுத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். அண்ணன் ஞாபகமாக இருக்கும் என்று சோணை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அகிலாண்டம் திருப்பவில்லை. ஆனால் ஒன்றும் கேட்கவுமில்லை.

"ஃபோல்டரையெல்லாம் காட்டு, கண்ணு."

எல்லாம் காவ்யஸ்ரீக்குத் தெரிந்த கார்டுகள். கடைசி ஃபோல்டரில் அவள் நின்றாள். "இது யாருன்னே தெரியலயேக்கா. வீடியோ பிடிக்கிற கார்டு மாதிரி இருக்கு. இந்தப் பேரு மதுரையில கேள்விப்பட்டதே இல்ல. தேதி..." அவள் நிமிர்ந்தாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம்."

சோணை திரையில் அந்தத் தேதியை எட்டிப் பார்த்தான்.

"அப்ப வெள்ளிக்கிழமை காலையில அம்மாகிட்ட திட்டு வாங்கிட்டு நேரா கண்மாய்க்குப் போகல" என்றாள் அகிலாண்டம். "யாரோ ஒருத்தர் இடத்துக்குப் போயிருக்கான். அங்க இருந்த புது கார்டைத் தொட்டிருக்கான். வேலையை முடிச்சிருக்கான். சாப்பிட்டிருக்கான். டிபன் பாக்ஸைக் கழுவியிருக்கான். இந்த கார்டு எந்த மிஷின்ல சொருகியிருக்கோ, அங்கதான் அவன் போயிருக்கான்."

"மதுரையில எம்புட்டு கம்ப்யூட்டர் இருக்குக்கா?"

"வண்டியை எடு."

கார்டின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். காவ்யஸ்ரீ பின்னாலேயே சைக்கிளில் வந்தாள். ஒரு கடைக்காரர் அப்படியொரு கார்டு உலகத்திலேயே கிடையாது என்றார். இன்னொருவர் நாளைக்கே வரவழைத்துத் தருகிறேன் என்றார். இரண்டாவது ஆள் வியாபாரத்தில் முன்னுக்கு வருவார் என்று சோணை கணித்தான்.

கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நின்றது. எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. கோட்டு சூட்டில் ஓர் ஆள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கையில் பூமி உருண்டை. 'பேரண்டம் இன்ஃபோடெக் நிறுவனர், கணினிக் காவலர், மென்பொருள் மாமேதை, டாக்டர் சாய்ராம் அவர்கள் தன்னந்தனியாகக் கண்டுபிடித்த, தானே இயங்கும் அதிசய சி.டி. வெளியீட்டு விழா. சிங்கப்பூரிலிருந்து தருவிக்கப்பட்ட, தென் தமிழகம் இதுவரை காணாத இயந்திரத்தில் நேரடிச் செயல் விளக்கம்!'

"அண்ணன் வேலை பார்த்த இடம்" என்றாள் காவ்யஸ்ரீ, சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி.

"அந்த டாக்டர் பட்டம்?"

"ஏதோ தீவுல கொடுத்தாங்களாம்."

"தென் தமிழகம் இதுவரை காணாத" என்று அகிலாண்டம் மெதுவாகத் திரும்ப வாசித்தாள். "சிக்னல் விழுந்துருச்சு, சோணை. நேரா அங்க போ. கண்ணு, நீ அங்க அழக் கூடாது. அந்த ஆள்கிட்ட ஒண்ணும் தெரியாத அப்புராணி மாதிரி இரு."

பேரண்டம் என்பது நிஜத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பாதி. மறுநாள் விழாவுக்கு மேடை தயாராகிக்கொண்டிருந்தது. வாழை மரம் கட்டியாயிற்று. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டும் மாலையும் போட்டு ஒரு கம்ப்யூட்டர் மாப்பிள்ளை மாதிரி வீற்றிருந்தது. ஸ்ரீநாத் எப்போதோ செய்து கொடுத்த பழைய சி.டி. ஒன்றைப் போட்டுவிட்டு, அதன் முன்னால் டாக்டர் சாய்ராம் வியர்த்துக்கொண்டிருந்தார். திரையில் அந்தச் சின்னப் பெட்டி. இது யார், இது யார் என்று அவரைப் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

முன்வரிசை நாற்காலியில், நாளைய சிறப்பு விருந்தினர் இன்ஸ்பெக்டர் நல்லகாமன் இன்றே வந்து உளுந்த வடையைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் கேக்குது சார்" என்றார் வடையை மெல்லாமலே. "நாளைக்குக் கலெக்டர் முன்னாலயும் இப்படிக் கேட்டுச்சுன்னா?"

"சின்ன ட்யூனிங் பாக்கி இருக்கு சார். கண்டுபிடிப்புன்னா..." சாய்ராம் திரும்பினார். காவ்யஸ்ரீயைப் பார்த்ததும் முகத்தில் துக்கத்தை மாட்டிக்கொண்டார். கொஞ்சம் கோணலாக மாட்டிவிட்டது. "வாம்மா. ஸ்ரீநாத் என் புள்ளை மாதிரி."

"அம்மா இதைக் கொடுத்துவிட்டாங்க சார்." அவள் சி.டி.யை நீட்டினாள். "உங்க கம்பெனிச் சொத்தாம். அண்ணன் பையில இருந்துச்சு."

அந்த வெள்ளைத் தட்டைப் பார்த்த சாய்ராமின் கை, துக்கத்தைவிட வேகமாக நீண்டது. அகிலாண்டம் நடுவில் வந்தாள்.

"நான் இந்தப் பிள்ளைக்குச் சித்தி முறை சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. போர்டுல பார்த்தேன். அந்தச் சிங்கப்பூர் மிஷின் இதுதானா?"

தெரியாதவர்கள் கேட்டால் சாய்ராமுக்குச் சொற்பொழிவு வரும். வந்தது.

"மிஷின் இல்லம்மா. உள்ள இருக்குற கார்டு. என் மச்சினன் சிங்கப்பூர்லருந்து கொண்டாந்தான். வெள்ளிக்கிழமை காலையிலதான் சென்னை ஃப்ளைட்ல வந்து இறங்கினான். பெட்டி சீலை நானே என் கையால உடைச்சேன். சந்தனம் வெச்சு, எலுமிச்சம்பழம் சுத்தி, மிஷின்ல மாட்டி, என் வீட்டு பூஜை ரூம்லயே வெச்சேன். இன்னிக்குக் காலையிலதான் வெளிய எடுத்தேன். இதுல வேற ஒருத்தன் விரல் பட்டதில்ல!"

"இதோட டிரைவர் எல்லாம் கடையில கிடைக்குமா?"

"கடையிலயா?" அவர் சிரித்தார். "இன்டர்நெட்லயே இல்லம்மா. பெட்டிக்குள்ள இருந்த சி.டி. மட்டும்தான். அதுவும் என் பீரோவுல."

"பாவம், ஸ்ரீநாத் இதைப் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்."

"அவன் எங்கம்மா பார்க்குறது? வியாழக்கிழமை சாயங்காலம் என்கூடச் சண்டை போட்டுட்டுப் போனவன்தான். வெள்ளிக்கிழமை நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்கல. சார்கிட்டயும் எழுதிக் கொடுத்திருக்கேன்."

நல்லகாமன் வடையோடு தலையாட்டினார். சோணை ஒன்றைக் கவனித்தான். அக்கா ஒவ்வொரு கேள்வியாக ஒரு கதவைச் சாத்தி வருகிறாள். இந்த ஆளோ ஒவ்வொரு கதவுக்கும் தானே தாழ்ப்பாள் போட்டு, தாழ்ப்பாள் பித்தளை என்று பெருமை வேறு பேசுகிறார்.

"போட்டுப் பாருங்க சார்" என்றாள் அகிலாண்டம். "நாளைக்கு விழா."

சாய்ராம் சி.டி.யைப் போட்டார். திரை கறுத்தது, நீலமானது, மறுபடி கறுத்தது. யாரும் எதையும் தொடவில்லை. வடை தீர்ந்து, காப்பி வந்து, அதுவும் ஆறியது. கடைசியில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் திரையில் விரிந்தன. ஒலிபெருக்கி தன் சின்ன இசையை வாசித்தது. மண்டபமே அந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தது. பெட்டி வரவில்லை. சிங்கப்பூர்க் கார்டின் பச்சை விளக்கு எரிந்தது.

சாய்ராம் கை தட்டினார். நாளைய மேடைப் பேச்சுக்கே போய்விட்டார்.

"பார்த்தீங்களா சார்! ஒரு கேள்வி! ஒத்தக் கேள்வி கேட்டுச்சா?"

"கேக்கல சார்" என்றாள் அகிலாண்டம். "அதான் நாங்க கேக்கலாம்னு வந்தோம். வெள்ளிக்கிழமை காலையில மதுரைக்கு வந்து, உங்க பூஜை ரூமை விட்டு வெளியவே வராத கார்டு. வேற ஒருத்தன் விரல் படாத கார்டு. அதை வியாழக்கிழமையோட உங்களைப் பார்க்காத ஸ்ரீநாத்தோட சி.டி. எப்படி அடையாளம் கண்டுக்கிட்டுச்சு?"

நல்லகாமனின் காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"அது... டிரைவரை நான்தான் சேர்த்தேன்!"

"எப்ப சார்? இந்த சி.டி. இருந்த பை சனிக்கிழமையிலருந்து இன்ஸ்பெக்டர் சார் போட்ட அரக்கு முத்திரைக்குள்ள இருந்துச்சு. முத்திரையை நாங்க இன்னிக்குத்தான் உடைச்சோம்."

"அவன் திருட்டுத்தனமா வந்து..."

"பூஜை ரூமுக்கா? பீரோவுல இருந்த சி.டி.யையும் எடுத்தா? அப்புறம் உங்க வீட்டுக் குழாயில டிபன் பாக்ஸையும் கழுவி வெச்சுட்டா? நல்ல திருடன் சார்."

நல்லகாமன் எழுந்தார். மூன்று நட்சத்திரத்தோடு எழுந்த மனிதர் ஒரு நட்சத்திரம் குறைந்தவர்போல நின்றார். தான் போட்ட முத்திரையே தன் கேஸை உடைத்துவிட்டது. சாய்ராமிடம் கேட்டபோது பழைய குரல் இல்லை. "பையைத் தேடிப் பார்த்தியாய்யா அன்னைக்கு?"

சாய்ராம் மாலை போட்ட கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கோட்டு மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்ததுபோல் தோள் இரண்டும் தூக்கலாக இருந்தன.

"தேடினேன். பாட்டு சி.டி.தான் கெடந்துச்சு. முருகன் படம் போட்டது."

சோணையின் நாக்கில் ஒரு கிண்டல் வந்து நின்றது. காவ்யஸ்ரீயைப் பார்த்தான். விழுங்கிவிட்டான்.

"எதுக்கு?" என்றாள் காவ்யஸ்ரீ. அந்த ஒரு சொல்தான்.

"ஒரு பேரும்மா. ஒரே ஒரு பேரு. எல்லா வேலையும் முடிச்சிட்டான், அருமையா ஓடுச்சு. கடைசியில பார்த்தா, இந்த கம்ப்யூட்டர் யாருக்குச் சொந்தம்னு வர்ற இடத்துல உங்கம்மா பேரு இருந்துச்சு. என் விழா, என் மிஷின், கலெக்டர் முன்னால எவளோ... யாரோ ஒருத்தங்க பேரா? என் பேரைப் போடுடான்னேன். 'நான் போடுற எல்லா மிஷின்லயும் அம்மா பேருதான் சார், அதை மட்டும் மாத்த மாட்டேன்'னு சிரிச்சான். பையைத் தூக்கிட்டுப் படியில எறங்கினான். பின்னாலேயே போய்... ஒரு தள்ளுதான் தள்ளினேன். பிடரி அடிபட்டுக் கெடந்தான். எந்திரிக்கவே இல்ல. ராத்திரி கண்மாயில கொண்டுபோய்ப் போட்டுட்டு, செருப்பையும் பையையும் கரையில வெச்சேன்."

காவ்யஸ்ரீ மேடையில் ஏறி மவுஸைத் தொட்டாள். காலையில் நிலையத்தில் திறந்து மூடிய அதே ஜன்னலை மறுபடி திறந்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் இருந்தது: சாரதாம்பாள்.

குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த ஆள் என்ன செய்வதென்று தெரியாமல் எண்ணெயோடு நின்றான்.

வில்லாபுரம் திரும்பும்போது தறிகள் ஓய்ந்திருந்தன. சந்து முனையிலேயே அகிலாண்டம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த காவ்யஸ்ரீ தயங்கி நின்றாள்.

"அக்கா. அந்தப் பேரு விஷயத்தை அம்மாகிட்ட சொல்லணுமா?"

அகிலாண்டம் சந்துக்குள் அந்த வீட்டு வாசலைப் பார்த்தாள். சோணைக்குப் புரிந்தது. வார்த்தையிலிருந்து விடுதலை கொடுக்கப் போகிறோம். அதே கையால் பேரைக் கொடுத்துப் பூட்டினால் அந்த அம்மாள் எப்போது வெளியே வருவாள்?

வீட்டில் சாரதாம்பாள் அதே சுவரில், அதே இடத்தில் இருந்தாள். காலையிலிருந்து நகர்ந்ததாகத் தெரியவில்லை.

"அவன் சாகப் போகலம்மா" என்றாள் அகிலாண்டம். "உங்ககிட்ட திட்டு வாங்கிட்டு நேரா வேலைக்குத்தான் போனான். வேலையை முடிச்சான். நீங்க கட்டிக் கொடுத்த சோத்தைத் தின்னான். டிபன் பாக்ஸைக் கழுவினான். வீட்டுக்குத்தான் கெளம்பினான். அவன் மொதலாளி தள்ளிவிட்டுக் கொன்னுட்டான். ஒத்துக்கிட்டான்."

சாரதாம்பாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டானா?"

"மிச்சம் வைக்காம."

"அப்ப என் வார்த்தை இல்ல."

"இல்லம்மா."

அவள் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது. மகன் கொலையானான் என்ற செய்தியில் ஒரு தாய் ஆறுதல் அடைவதைப் பார்க்க நேர்ந்த சோணை, இந்த வேலைக்கு ஆட்டோவே தேவலாம் என்று முதல் தடவையாக நினைத்தான். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வாரமாக வராத அழுகை. அழுதுகொண்டே கேட்டாள்:

"எதுக்கும்மா கொன்னான்? என் புள்ள என்ன பண்ணுச்சு?"

"பொறாமைம்மா. உங்க புள்ள செஞ்சதை அவன் செஞ்சதா சொல்லிக்கணும்னு."

அது பொய்யில்லை. கோர்ட்டில் அத்தனை வருஷம் டைப் அடித்தவளுக்கு, எந்த வரியோடு நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

வாசல் வரை வந்த காவ்யஸ்ரீ குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிக்கத் தெரியும்க்கா. என்னைக்காவது ஏதாவது ஒரு மிஷின்ல..."

"ஒருநாள் நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு, கண்ணு. உங்கண்ணன் தொட்ட மிஷின் ஊரெல்லாம் இருக்கு. பேரை மட்டும் காட்டு. எதுக்குச் செத்தான்னு சொல்லாத."

திரும்பும் வழியில் ஒரு பிரவுசிங் சென்டரைக் கடந்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாகத் திரைகள். இளவட்டங்கள் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திரைக்குள்ளும் யாரும் திறந்து பார்க்காத ஓர் இடத்தில் ஒரே பெயர் இருக்கும்.

"அக்கா" என்றான் சோணை.

"என்ன?"

"நம்ம ஆபீஸ் மிஷின்லயும் இன்னிக்கு அந்த சி.டி.தான் போட்டோம்."

"ஆமா."

"அது அப்படியே இருக்கட்டும்க்கா. டி.வி. கார்டைக் கழட்டிர்றேன்."